மறுபடி படிக்கத் தேவையில்லை

டிராஹோமீரா அந்த டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள்.
பச்சைக் கட்டம் போட்ட சமையலறைத் துண்டு,
ஓரத்தில் பீட்ரூட் கறை.
"ஸ்வ்ரட்கா ஆறு இதற்குள் இருக்கிறது" என்றாள்.
"இருந்தது."

பதினோரு நாள் நீர்மட்டம்.
நாளுக்கு ஒரு கோப்பு, பத்து நிமிடத்துக்கு ஓர் எண்.
இரவு இரண்டேகாலுக்குக் கரையோரக் கொட்டகையில்
மின்சாரம் போயிருக்கிறது.
வந்ததும் எங்கள் கருவி தானாக எழுந்து
டிஸ்க்கை அடிமுதல் நுனிவரை தடவிப் பார்த்து
ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கிறது:
சுத்தம்.

சுத்தம்தான்.
தேய்த்துக் கவிழ்த்த வாணலி போல.

ஜர்னல் என்பது வேறொன்றுமில்லை.
செய்யப்போவதைச் செய்யுமுன் எழுதிவைப்பது.
இந்தக் கட்டத்தை இப்படி மாற்றப்போகிறேன்,
அந்தக் கட்டத்தை அப்படி,
கீழே ஒரு கையெழுத்து.
பாதியில் விளக்கணைந்தாலும்
விழித்தெழுபவன் அந்தத் தாளைப் பார்த்து
விட்டதைச் செய்துகொள்ளலாம்.
இதை யோசித்தவர்கள் மின்சாரத்தை நம்பாதவர்கள்.
எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

மூன்று வாரம்
ஒரு பொய் இயந்திரத்துக்குள் உட்கார்ந்து
மின்சாரத்தை வெட்டிக்கொண்டிருந்தேன்.
எழுதும்போது.
எழுதி முடித்த மறுகணம்.
கையெழுத்தின் நடுவில்.
இருநூற்றுப் பன்னிரண்டு முறை அது எழுந்து
தூசியைத் தட்டிக்கொண்டு ஒழுங்காக நடந்தது.
வெளியே பிர்னோவின் டிராம் ஒவ்வொரு முறையும்
அதே வளைவில் கத்தியது.
தேநீரில் ஆடை படிந்தது.
என்னிடமே சொல்லிப் பார்த்தேன்,
அவள் ஏதாவது தப்பாக அழுத்தியிருப்பாள் என்று.

அடுத்த முறை அகப்பட்டது.

கருவி முதலில் தலைக்கட்டத்தைப் படிக்கிறது.
நினைவில் வைத்துக்கொள்கிறது.
பிறகுதான் ஜர்னலை ஓட்டுகிறது.
டிஸ்க் புதிதாகிறது, தலைக்கட்டமும்தான்.
எல்லாம் முடிந்து கைகழுவப் போகும் நேரத்தில்
நினைவிலிருந்த பழைய தலையை எடுத்து
புதியதன்மேல் எழுதிவிட்டுப் போகிறது.
பதினோரு நாளைக் கேள்விப்பட்டே இராத தலை.
வேலி பயிரை மேய்ந்திருக்கிறது,
வாயைத் துடைக்கவும் தோன்றாமல்,
ஏனென்றால் மேய்ந்தது அதற்கே தெரியாது.

அந்த இடத்தில் ஒரு குறிப்பு இருந்தது.
'மறுபடி படிக்கத் தேவையில்லை.'
எழுதியது யார் என்று பதிவேட்டைக் கேட்டேன்.
ஒன்பது ஆண்டுக்கு முந்தைய ஆகஸ்ட் மாதம்,
இரவு பதினொன்று ஐம்பத்திரண்டு.
பெயர் என்னுடையது.

அன்று என்ன சாப்பிட்டேன், யாரோடு மனஸ்தாபம்,
ஜன்னல் திறந்திருந்ததா, ஒன்றும் நினைவில்லை.
குறிப்பின் கடைசியில் முற்றுப்புள்ளி வைத்திருக்கிறேன்.
குறிப்புகளுக்கு நான் முற்றுப்புள்ளி வைப்பதே இல்லை.

திருத்தம் ஒரு வரி:
ஓட்டி முடித்ததும் தலைக்கட்டத்தை மறுபடி படி.
விளக்கம் நாற்பது வரி.
க்வெடோஸ்லாவ் சரிபார்த்தான்.
அந்த ஒரு வரியைத் தொடவில்லை.
விளக்கத்தில் 'ஏதோ காரணத்தால் விடுபட்டது' என்று எழுதியிருந்தேன்,
அதன்கீழ் கோடிழுத்து
'ஏதோ?' என்று மட்டும் கேட்டிருந்தான்.
மாற்றினேன்.

இனி வேறொருவருடைய ஆறு தப்பிக்கும்.
இவளுடையதில் ஏழு நாள் மட்டும் மீண்டது,
அதுவும் பெயர் இழந்து,
தொலைந்து கிடைத்தவற்றுக்கான கோப்புறையில்
வெறும் எண்களாக.
எது எந்த நாள் என்று கருவிக்குத் தெரியாது.
எனக்கும் தெரியாது.

டிராஹோமீரா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
திரையில் எண்களை உருட்டினாள்.
கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
"இது வியாழன்" என்றாள்.
"மாலையில் மேற்கே மழை.
பாலத்தில் இரண்டாவது கல் நனைந்தது."
பெயரை அடித்தாள்.
"இது... இரு."
மறுபடி மேலே போனாள்,
முதல் எண்ணிலிருந்து படிக்க.